கல்லடி வீட்டில் தேக்குப் பலகை நிலம்: ஈரத்தை அளந்து போட்ட விதம்

கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் மேல் நிற்கிற மட்டக்களப்புக் கல்லடி வீட்டில், கீழ்த்தள அறையில், அசல் தேக்குப் பலகையில் நிலம் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தாராளமாகப் போடலாம். ஆனால் மரத்தை விலை பேசுவதற்கு முன்னால் ஈரத்தை அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் போட்டு ஒரு மாரி மழையும், கச்சான் என்கிற வறண்ட காற்றுக்காலம் ஒன்றும் கண்டாயிற்று, அதனால் துணிந்து எழுதுகிறேன். மரநிலம் பற்றி வாசிக்கக் கிடைப்பதில் பெரும்பங்கு குளிர்நாட்டுக் கணக்கு. அதை அப்படியே மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தால் முதல் மாரியிலேயே பலகை தூக்கிவிடும்.

அம்மா இங்கிலாந்தில் அக்கா வீட்டில் சில மாதம் நின்றுவிட்டு வந்தபோது கூடவே வந்த ஆசை இது. அங்கே நிலத்துக்குள் குழாய் பதித்துச் சூடுதண்ணீர் ஓட விட்டிருக்கிறார்கள், அதன்மேல் ஓக் பலகை. வெளியே பனி கொட்டினாலும் வெறுங்காலோடு நடக்கலாம். இங்கே மார்கழி மழையில் எங்கள் பழைய சிவப்புச் சிமெந்து நிலம் சில்லென்று கிடக்கும், சில காலைகளில் வியர்த்து ஈரமாகவும் கிடக்கும், அம்மாவுக்கோ முழங்கால் வருத்தம். மட்டக்களப்பில் யாரும் நிலத்தைச் சூடாக்கத் தேவையில்லை. காலுக்குக் கீழே மரம் இருந்தாலே போதும், ஏனென்றால் மரம் சூட்டைக் கடத்துவது கொங்கிறீற் கடத்துவதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் சிமெந்து காலிலிருந்து சூட்டை இழுக்கும், மரம் அவ்வளவு இழுக்காது. அந்த அறை அம்மாவின் அறை என்பதால் அங்கேயே தொடங்கினோம்.

அக்காவின் மகன் அங்கே நிலம் போடுகிற வேலைதான் செய்கிறான். சூடு ஓடுகிற நிலத்தின் மேல் அசல் மரம் போடுவதில் அவனுக்கு நல்ல பழக்கம், அதனால் முதலில் அவனோடுதான் கதைத்தேன். அவன் சொன்னது முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தது. குழாய் பதித்த சிமெந்து நன்றாகக் காய வேண்டும். பலகை போடுவதற்கு முன்பே சூட்டை ஓடவிட்டு, ஒரே நாளில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குறைந்தது இரண்டு வாரமாவது வைத்து, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியேற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் 35 முதல் 45 பாகை வரை இருக்கலாம், ஆனால் மரத்தின் மேற்பரப்பு 27 பாகையைத் தாண்டக் கூடாது. பலகையின் ஈரம் 8 வீதத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். பலகை ஒடுக்கமாக இருந்தால் நல்லது, அசல் மரத்தைவிடப் பல அடுக்காக ஒட்டிய பலகை அங்கே பாதுகாப்பு. அடியில் காற்று இடைவெளி விடாமல், இழுபடக்கூடிய பசையால் முழுப் பரப்பையும் ஒட்டிவிடுவார்கள், இடைவெளி விட்டால் சூடு மேலே வராது. தடித்த கம்பளத்தை மேலே விரிக்க வேண்டாம் என்றும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வருவானாம், கம்பளத்துக்குக் கீழே சூடு அடைபட்டு அந்த இடத்து மரம் மட்டும் அதிகம் காய்ந்துவிடும் என்று.

இதில் 27 பாகை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. சித்திரை மாதம் எங்கள் வீட்டுச் சுவரே 30 பாகைக்கு மேல் இருக்கும். அப்படியென்றால் இங்கே எந்த மரநிலமும் தப்பக்கூடாது, ஆனால் பழைய வீடுகளில் மரத்தட்டுப் போட்ட மேல்மாடிகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. மருமகனிடம் கேட்டபோது அவன் உடனே பிடித்துக்கொண்டான்: "மாமா, மரத்துக்குச் சூடு எதிரியில்ல, காஞ்சு போறதுதான் எதிரி." கணக்குப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. 0 பாகைக் குளிர்காற்று ஒரு கனமீற்றரில் அதிகபட்சம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் பிடித்துவைக்கும். அதே காற்றை வீட்டுக்குள் எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் வரை பிடிக்கக்கூடிய காற்றாகிவிடுகிறது, ஆனால் உள்ளே இருப்பது அதே 5 கிராம்தான், ஆக ஈரப்பதன் 28 வீதத்துக்கு விழுகிறது. அந்த வறண்ட காற்று மரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கீழேயிருந்து சூடும் வந்தால் இன்னும் உறிஞ்சும். நம் ஊரில் மாரி காலத்தில் 27 பாகைக் காற்று 85 வீத ஈரத்தோடு நிற்கும்போது ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கிறது. அங்கே மரம் சுருங்கி விரிசல் விழும், இங்கே மரம் ஊதி முட்டும். அங்கே 8 வீதத்துக்குக் காயவைத்த பலகையை இங்கே நெருக்கி அடித்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆக அவனுடைய எண்களை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அறையின் காற்று வருடம் முழுக்க எதற்கும் எதற்கும் இடையில் ஆடுகிறது, மரம் அதோடு எவ்வளவு ஆடும், அந்த ஆட்டத்துக்கு எங்கே இடம் விடுவது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

காற்றை அளக்க ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கினேன், விலை குறைந்ததுதான். விலை குறைந்ததை நம்பலாமா என்றால் நம்புவதற்கு முன் சோதிக்கலாம். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, உப்பு கரைந்து ஓடாமல் சேறாக நிற்கிற அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, அதையும் மானியையும் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி ஓர் இரவு விட வேண்டும். நிறைந்த உப்புக் கரைசலுக்கு மேலே நிற்கிற காற்றின் ஈரப்பதன் 75 வீதம், நம் ஊர் வெப்பநிலையில் அது அசையாது. என் மானி 71 காட்டியது. அதன்பிறகு அது காட்டுகிற எதற்கும் 4 சேர்த்து எழுதினேன். கச்சான் வீசுகிற ஆனி ஆடி மாதங்களில் அறைக்குள் மத்தியானம் 55, இரவு 75, சராசரி 65 வீதம் வந்தது. கார்த்திகை மார்கழியில் சராசரி 80ஐத் தாண்டியது. இந்த வெப்பநிலையில் 65 வீதக் காற்றில் நீண்டநாள் கிடக்கிற மரம் 12 வீத ஈரத்தில் நிற்கும், 80 வீதக் காற்றில் 16 வீதத்தில் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 4 வீதம். இந்த 4தான் முழு வேலைக்கும் அடிப்படை எண்.

மரம் எங்கள் பெரியப்பாவின் பழைய வீட்டுத் தீராந்திகள். கூரையை மாற்றியபோது கழற்றி முற்றத்தில் தகரத்துக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள், அத்தனையும் தேக்கு. புதிதாக வாங்குவதென்றால் இந்த வேலைக்கு நான் இறங்கியிருக்க மாட்டேன், தேக்கின் விலை அப்படி. சொந்த வீட்டு மரம்தானே என்று லொறியில் ஏற்றிவிட ஏலாது, மரம் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் எடுத்து முறையாக அனுமதி வாங்கித்தான் மரக்காலைக்குக் கொண்டுபோனோம். பழைய மரத்தில் தலை முறிந்த ஆணிகள் உள்ளே ஒளிந்திருக்கும். ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தீராந்தி நெடுக மெதுவாகக் கொண்டுபோனால் ஆணி இருக்கிற இடத்தில் நூல் சரிந்து காட்டிக்கொடுக்கும். அப்படி ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்த பிறகுதான் வாளுக்குக் கொடுத்தோம். 75 மில்லிமீற்றர் அகலம், சீவி முடித்தால் 20 மில்லிமீற்றர் தடிப்பு வருகிற மாதிரி அரிந்தார்கள். அரியும்போது முடிந்தவரை வருட வளையம் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிற மாதிரித் திருப்பி வைக்கச் சொன்னேன், அப்படி அரிந்த பலகை அகலத்தில் விரிவது மற்றதில் பாதியளவுதான். எல்லாவற்றையும் அப்படி எடுக்க முடியாது, பாதிக்குக் கிட்ட வந்தது.

பலகையின் ஈரத்தைப் பார்க்க இரண்டு ஊசி உள்ள மீற்றர் ஒன்று இருந்தது. அந்த மீற்றர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்துக்கும் 20 பாகை வெப்பத்துக்கும் சரிபார்க்கப்பட்டவை, நம் தேக்கில் நம் வெயிலில் குத்தினால் கூட்டித்தான் காட்டும். எவ்வளவு கூட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே நேரான வழி மரத்தைக் காயவைத்து நிறுப்பது. பலகையின் நுனியில் வெட்டக் கூடாது, நுனி எப்போதும் காய்ந்திருக்கும். ஓர் அடி உள்ளே தள்ளி ஒரு சின்னத் துண்டு வெட்டினேன். வீட்டுத் தராசு இதற்கு ஒத்துவராது. தெரிந்த நகைக்கடையில் கொண்டுபோய் நிறுத்தபோது 46.2 கிராம். பிறகு கேக் போடுகிற அவணில் 103 பாகைக்குக் கிட்ட வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்து எடை பார்த்து, இனி எடை குறையாது என்கிற வரைக்கும் விட்டேன். கடைசி எடை 39.8 கிராம். போன தண்ணீர் 6.4 கிராம், அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 16 வீதம். அதே பலகையில் மீற்றர் 18 காட்டியிருந்தது. அதற்குப் பிறகு மீற்றர் சொல்வதில் 2 கழித்துக்கொண்டால் போதும். நகைக்கடை அண்ணன் தன் தராசில் மரத்துண்டு நிறுத்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னார், சொன்னபடி வந்தும் பார்த்தார்.

இனி நிலம். பழைய சிவப்புச் சிமெந்துக்குக் கீழே ஈரத்தடுப்பு ஒன்றும் கிடையாது, வெறும் கல்லும் மணலும். கல்லடியில் மாரி காலத்தில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு மேலே வந்து நிற்கும் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் மணலூடாகவும் கொங்கிறீற்றூடாகவும் ஆவியாக மேலே ஏறும். அதன்மேல் எந்த மரத்தைப் போட்டாலும் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரியும், மேற்பக்கம் விரியாது, பலகையின் ஓரங்கள் தூக்கி நடு குழியும். அதனால் தை பிறந்து மழை விட்டதும் பழைய நிலத்தை உடைத்துக் கொட்டினோம். மணலை இறக்கி, தண்ணீர் விட்டு அடித்து இறுக்கி, மண்ணுக்குக் கறையான் மருந்து அடித்து, கூர்க்கல் ஒன்றும் நீட்டி நிற்காமல் மெல்லிய மணல் பரப்பி, அதன்மேல் 1000 கேஜ் கறுப்புப் பொலித்தீன் விரித்தோம். இரண்டு விரிப்புச் சேருகிற இடத்தில் ஓர் அடி மேலேற்றி, தார் நாடா ஒட்டி, நான்கு சுவர் ஓரமும் மேலே மடித்துவிட்டோம். இந்த ஒரு வேலையில் மேசனோடு நானும் முழங்காலில் நின்றேன், பொலித்தீனில் சப்பாத்துக் கால் பட்டுத் துளை விழுந்தால் பிறகு கொங்கிறீற்றுக்குக் கீழே போய் யாரும் ஒட்ட முடியாது. அதன்மேல் 3 அங்குலக் கொங்கிறீற், அதற்கு மேல் 40 மில்லிமீற்றர் சமப்படுத்தும் சாந்து.

பிறகு காத்திருப்பு. சிமெந்து இறுகுவது வேறு, காய்வது வேறு. இறுகிய நிலத்தில் ஒரு மாதத்தில் நடக்கலாம், டைல்ஸ் கூட ஒட்டலாம், மரத்துக்கு அது போதாது. முதல் 50 மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு நாள், அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு நாள் என்பது வேலைக்காரர்களின் பொதுக்கணக்கு. கொங்கிறீற்றும் சாந்துமாக 115 மில்லிமீற்றர் என்றால் 180 நாள் வருகிறது. மாசியில் போட்ட நிலத்துக்கு ஆடி முடிய வேண்டும். மேசன் அண்ணனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, கண்ணுக்குக் காய்ந்து வெள்ளையாகத் தெரிகிற நிலத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறேன் என்று போகும்போதும் வரும்போதும் கேட்டார். வைகாசியில் அவரை வைத்துக்கொண்டே இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் நாடா போட்டு நிலத்தில் ஒட்டிவிட்டேன். மறுநாள் தூக்கிப் பார்த்தால் அடியில் சின்னச் சின்ன நீர்த்துளி, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துப் போய் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஆடியில் அதே இடத்தில் மறுபடி ஒட்டியபோது துளியும் இல்லை, நிறமும் மாறவில்லை. மானியை நிலத்தில் வைத்து மேலே பெட்டி கவிழ்த்து ஓரம் அடைத்துப் பார்த்ததில் 72 வீதம். இங்கிலாந்தில் 75க்குக் கீழே வந்தால்தான் பலகை எடுப்பார்களாம், அந்த எண் மட்டும் இங்கேயும் பொருந்தியது.

இந்தக் காத்திருப்பு வீணாகவில்லை. அரிந்த பலகை எல்லாவற்றையும் சிமெந்து ஓரளவு காய்ந்த பிறகு அதே அறைக்குள் கொண்டுவந்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றாடியை மெதுவாக ஓடவிட்டிருந்தோம். நுனிகளுக்கு மெழுகு பூசியிருந்தேன், இல்லாவிட்டால் நுனி முதலில் காய்ந்து வெடிக்கும். 16இல் இருந்த மரம் ஆடி கடைசியில் 12க்கு வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை, போகவும் வேண்டியதில்லை, அறைக்காற்றோடு அது சமமாகிவிட்டது.

ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு, தச்சுவேலை செய்கிற ஓடாவி அண்ணனைக் கூப்பிட்டேன். கணக்கை அவருக்கு முன்னால் வைத்தேன். தேக்கு, அதன் ஈரம் 1 வீதம் ஏறினால் அகலத்தில் ஆயிரத்தில் 1.86 பங்கு விரியும், சாதாரணமாக அரிந்த பலகைக்கு. ஓக் இதைப்போல் இரண்டு மடங்கு விரியும், தேக்கை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணமே இதுதான். 75 மில்லிமீற்றர் பலகை 4 வீதம் ஏறினால் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். ஒரு பலகைக்கு அரை மில்லிமீற்றர் என்றால் ஒன்றுமில்லைத்தான், ஆனால் அறையின் அகலத்துக்கு 48 பலகை, ஆக 27 மில்லிமீற்றர், ஓர் அங்குலத்துக்கும் மேலே. அது போக இடமில்லாவிட்டால் நடுவில் நிலம் கூடாரமாக எழும்பும் அல்லது சுவரைத் தள்ளும். அண்ணன் கணக்கைப் பார்க்கவேயில்லை. "தம்பி, கச்சானுக்குள்ள நெருக்கி அடிச்சா மாரிக்குத் தூக்கும். கதவு பார்க்கிறதில்லையா? ஐப்பசியில இறுகும், வைகாசியில ஆடும்" என்றார். நான் மீற்றரும் தராசும் வைத்துக் கண்டுபிடித்ததை அவர் நாற்பது வருடமாகக் கதவு சீவிச் சீவிக் கற்றிருக்கிறார். இருவரும் ஒரே இடத்துக்கு வந்தது எனக்குப் பெரிய தைரியம்.

இடம் விட்ட விதம் இப்படி. இரண்டு பக்கச் சுவரிலும் 12 மில்லிமீற்றர், ஆக 24. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் 0.3 மில்லிமீற்றர், 48 பலகைக்கு 14. மொத்தம் 38, தேவைப்பட்டது 27. செங்குத்து வளையப் பலகைகள் பாதி இருந்ததால் உண்மையில் 27கூடத் தேவைப்படாது என்று தெரியும், ஆனால் மாரி ஒருவருடம் போல ஒருவருடம் இராது. அந்த 0.3க்கு என்ன வைப்பது என்று யோசித்து, வீட்டில் கிடந்த கலியாண அழைப்பிதழ் அட்டைகளைக் கலிப்பரில் வைத்துப் பார்த்து, சரியான தடிப்பில் இருந்தவற்றை விரலளவாக வெட்டி, ஒவ்வொரு பலகைக்கும் மூன்று இடத்தில் சொருகி, அடுத்த பலகை அடித்து முடித்ததும் உருவி எடுத்தோம்.

அடியில் சட்டம் போடுவதா பசை போட்டு ஒட்டுவதா என்பதில் மருமகன் பசைப் பக்கம், நானும் ஓடாவி அண்ணனும் சட்டத்தின் பக்கம். சூடு மேலே வரவேண்டிய நிலத்துக்கு அவன் சொல்வது முழுக்கச் சரி. நமக்குச் சூடு வரத் தேவையில்லை, மரத்தின் அடியிலும் காற்று ஓடினால்தான் இரண்டு முகமும் ஒரே ஈரத்தில் இருக்கும், பின்னால் ஒரு பலகை பழுதானால் கழற்றவும் முடியும். அம்பாறைப் பக்கத்து மரக்காலை ஒன்றில் நல்ல முதிரை மரச் சட்டம் கிடைத்தது, இரண்டங்குலத்துக்கு ஓரங்குலம். முதிரையின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது, ஆனாலும் போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தே பயன்படுத்தினோம். ஓரடிக்கு ஒரு சட்டம், நூல் பிடித்து, நீர்மட்டம் பார்த்து, பள்ளமான இடத்தில் மெல்லிய தேக்குச் சீவல் வைத்து. சிமெந்துக்குள் போகிற திருகாணி 35 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கக் கூடாது என்று துளைக்கருவியின் அலகில் நாடா சுற்றி அடையாளம் வைத்திருந்தோம், பொலித்தீன் 115இல் இருந்தாலும் கைக்குக் கட்டுப்பாடு வேண்டும். சட்டங்களுக்கு இடையில் காற்று அடைபடாமல் இருக்க, ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் அங்கங்கே காடி வெட்டிவிட்டோம்.

பலகையின் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி, அடிமுகத்தில் நீளவாக்கில் இரண்டு சின்னப் பள்ளம், எல்லாம் ஓடாவி அண்ணன் தன் றூட்டர் என்கிற காடி இழுக்கும் மெஷினிலேயே இழுத்தார். அவர் ஒரு பலகையின் நாக்கை மற்றதன் காடிக்குள் விட்டுப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கைப்பலத்தில் தள்ளினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகத் தூக்கினால் விழக் கூடாது, ஆனால் ஒரு பக்கம் ஆட்டினால் சத்தமில்லாமல் நழுவ வேண்டும். அதற்கு மேல் இறுகியதை ஒதுக்கி வைத்துச் சீவுளியால் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி பார்த்தார்.

சுவரிலிருந்து தொடங்காமல் அறையின் நடுவிலிருந்து தொடங்கினோம். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் விரிவு முழுவதும் மறு ஓரத்துக்குத் தள்ளப்படும், நடுவிலிருந்து தொடங்கினால் இருபக்கமும் பாதி பாதி. நடுப் பலகையின் காடிக்குள் தனி மெல்லிய நாக்குச் சட்டம் ஒட்டி, இரண்டு திசையிலும் 24 பலகை வீதம் போனோம். ஆணி நாக்கின் மேல் சரிவாக, அடுத்த பலகை வந்து மூடுகிற மாதிரி. கடல்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் வள்ளம் கட்டுகிறவர்கள் வாங்குகிற நாகம் பூசிய ஆணி. முதிரையில் நேராக அடித்தால் ஆணி வளைந்துதான் போகும், ஒவ்வொன்றுக்கும் முதலில் துளை. திருகாணியைவிட ஆணியை விரும்பியதற்குக் காரணம், மரம் அசையும்போது ஆணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சுவர் ஓரத்து இடைவெளியை மூடுகிற விளிம்புப் பலகையைச் சுவரில் மட்டும் அடித்தோம், நிலத்தோடு எந்த ஆணியும் இல்லை, எதிரெதிர்ப் பக்கங்களில் சின்னக் காற்றுத் துளையும் விட்டோம். கதவின் அடியை அறுத்தாயிற்று.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய்தான். பளபளக்கிற வார்னிஷ் இரண்டு பலகையின் விளிம்பையும் சேர்த்து ஒட்டிவிடும். கச்சானில் சுருங்கும்போது ஐந்தாறு பலகை ஒரு துண்டாகச் சேர்ந்து சுருங்கி, ஒரே இடத்தில் பெரிய வெடிப்பு விழும். எண்ணெய் பூசினால் ஒவ்வொரு பலகையும் தனித்தனியே அசையும். தேக்கில் அதன் சொந்த எண்ணெய் இருப்பதால் பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அது காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். தண்ணீர் வாளிக்குள் போட்டு, பிறகு வெளியே விரித்துக் காயவிட்டு எறிந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் தினமும் மீற்றரைக் குத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மரம் மெதுவாகத்தான் ஏறியது, மழை தொடங்கி வாரக்கணக்கில் ஆன பிறகு 13, பிறகு 14, தை பிறக்கும்போது 16க்குச் சற்றுக் கீழே. பலகைக்கு இடையில் விட்ட 0.3 எல்லாம் மூடிக்கொண்டது, அட்டை உள்ளே போகவில்லை. விளிம்புப் பலகையை ஒரு இடத்தில் கழற்றிப் பார்த்தால் 12 விட்ட ஓரம் 9 ஆகியிருந்தது. எங்கும் தூக்கவில்லை, ஓரம் எழும்பவில்லை. பக்கத்து அறைச் சிமெந்து வியர்த்துக் கிடந்த காலையிலும் இந்த அறை காய்ந்தே இருந்தது, அம்மா செருப்பில்லாமல் நடந்தார். கச்சானில் இடைவெளிகள் மறுபடி திறந்தன, குனிந்து பார்த்தால்தான் தெரியும். அந்தக் கோடுகளில் மரத்தூளும் பசையும் நிரப்பச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். நிரப்பவே கூடாது, அடுத்த மாரிக்கு அந்த இடம் வேண்டும்.

குளிரூட்டி உள்ள அறைக்கு இந்த எண்கள் ஒத்துவரா. குளிரூட்டி காற்றை 50, 55 வீதத்துக்கு வறட்டினால் மரம் 9, 10க்கு இறங்கும், அணைத்துவிட்டு மழைநாளில் சன்னலைத் திறந்தால் மறுபடி ஏறும், ஆட்டம் கூடும். அந்த அறைக்குப் பலகையை 60 மில்லிமீற்றராக ஒடுக்கி அரிந்து, 11 வீதத்தில் போடுவேன். வெளிநாட்டிலிருந்து வருகிற ஓக் பலகையை வாங்குகிறவர்கள் உறையில் இருக்கிற குறிப்பைப் பார்த்து, போடுகிற நாள் வரை பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு வறண்ட வீட்டுக்கு எழுதியது. 8 வீதத்தில் அடைத்து வந்த பலகையை இங்கே பிரித்து, குச்சி வைத்து அடுக்கி, எடை ஏறுவது நிற்கும் வரை அறைக்காற்றைக் குடிக்க விட வேண்டும்.

மிஞ்சிய சில பலகைகளை அதே அறையில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே குச்சி வைத்து அடுக்கியிருக்கிறேன். எப்போதாவது ஒன்றை மாற்ற வேண்டி வந்தால் அதே மரம், அதே ஈரத்தில் கையில் இருக்கும்.